யூதர் தொகை கூடுதா, குறையுதா? யார் எண்ணுறாங்கன்னு முதல்ல சொல்லுங்க

ஒரு வாசகர் கேட்டது, 9 பிப்ரவரி 2025

ஒரு வீடியோல யூதர்கள் இன்னும் ரெண்டு தலைமுறையில காணாம போயிடுவாங்கன்னு சொல்றாங்க. இன்னொண்ணுல இஸ்ரேல்ல குழந்தைங்க எண்ணிக்கை தாறுமாறா ஏறுதுன்னு சொல்றாங்க. ரெண்டும் எப்படிங்க சரியா இருக்கும்? ஏதோ ஒண்ணு பொய் தானே?

9 பிப்ரவரி, இரவு 10.50

ரெண்டும் பொய் இல்ல, ரெண்டும் வேற வேற ஊர்க் கதை. அமெரிக்காவுல ஆர்த்தடாக்ஸ் (மத விதிய இறுக்கமா கடைப்பிடிக்கிற பிரிவு) இல்லாத யூதர்களுக்கு சராசரியா 1.4 குழந்தை, ஆர்த்தடாக்ஸ்காரங்களுக்கு 3.3. இது பியூ ஆய்வு மையம் 2020ல எடுத்த கணக்கு. இஸ்ரேல்ல யூதப் பெண்களுக்கு சராசரி 3 குழந்தை. ஓஈசிடிங்கற, பெரும்பாலும் பணக்கார நாடுகள் இருக்குற கூட்டமைப்புலயே அதான் டாப், அடுத்த இடத்துல இருக்குற நாடு கூட கிட்ட வராது. அதனால அமெரிக்காவ மட்டும் பார்த்தா முதல் வீடியோ, இஸ்ரேல மட்டும் பார்த்தா ரெண்டாவது வீடியோ.

மொத்தமா உலகத்துல ஒண்ணரைக் கோடிக்கு மேல இருக்காங்க, ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடி இருந்த எண்ணிக்கைய இப்பதான் தாண்டியிருக்காங்க.

10 பிப்ரவரி, காலை 7.15

நேத்து தூக்கக் கலக்கத்துல தப்பா எழுதிட்டேன். தாண்டல. 1939ல 1 கோடியே 66 லட்சம். அதுல 60 லட்சம் பேரை நாஜிகள் கொன்னுட்டாங்க. இப்ப 1 கோடியே 57 லட்சம் பக்கம். அதாவது 80 வருஷத்துக்கு மேல ஆகியும் அந்தப் பள்ளம் மூடல. உலக மக்கள்தொகை அதே காலத்துல மூணு மடங்குக்கு மேல ஏறிடுச்சு. இந்த ஒரு வரிய மனசுல வெச்சுக்காம அந்த மக்கள் ஏன் எண்ணிக்கையப் பத்தி இவ்வளவு பதறுறாங்கன்னு புரியாது.

10 பிப்ரவரி, இரவு 9.30

"அது எப்படி ஒரு சின்ன சமூகத்தக் கூட சரியா எண்ண முடியல"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நியாயமான கேள்வி, ஆனா பதில் நீளம்.

அமெரிக்க சென்சஸ்ல மதம் கேக்க மாட்டாங்க. அதனால அந்தக் காலத்துல என்னென்னமோ குறுக்கு வழி பண்ணிருக்காங்க. யோம் கிப்பூர்ங்கற யூத நோன்பு நாள் அன்னிக்கு பள்ளிக்கூடத்துல எத்தனை பசங்க வரலன்னு பார்த்து, அத வெச்சு அந்த ஊர்ல எத்தனை யூதர்னு கணக்குப் போடுறது ஒரு வழி. கோஹன், லெவி மாதிரி பேர்களை டெலிபோன் டைரக்டரில எண்ணி பெருக்கிக்கிறது இன்னொரு வழி. இப்ப சர்வே. சர்வேல "நீங்க யூதரா"ன்னு கேட்டா ஒரு நம்பர், "உங்க அப்பா அம்மால யாராவது யூதரா"ன்னு கேட்டா வேற நம்பர்.

இஸ்ரேல்ல ஹீப்ரு பல்கலைக்கழகத்துல செர்ஜியோ டெல்லா பெர்கோலான்னு ஒரு பேராசிரியர், இந்தத் துறையோட பெரியவர். அவர் அமெரிக்க யூதர் 63 லட்சம்னு சொல்றார். பியூ 75 லட்சம்னு சொல்லுது. 12 லட்சம் வித்தியாசம்! யாரும் பொய் சொல்லல. "மதம் எதுவும் இல்ல, ஆனா பாதி யூதன்"னு சொல்றவங்களையும் அவங்க பிள்ளைகளையும் எந்தப் பக்கம் போடுறதுங்கறதுலதான் பெரும்பாலும் அந்த வித்தியாசம். அதே டெல்லா பெர்கோலாவே, இஸ்ரேலோட குடியேற்றச் சட்டப்படி வரத் தகுதி உள்ளவங்க எல்லாரையும் சேர்த்தா 2.5 கோடி தாண்டும்னும் சொல்றார். ஒரே ஆளு, ரெண்டு நம்பர்.

11 பிப்ரவரி, காலை

சின்ன விஷயம், ஆனா எனக்குப் பிடிச்சது. யூத மரபுல ஆளை நேரா எண்ணக் கூடாது. தாவீது ராஜா கணக்கெடுத்தப்போ கொள்ளைநோய் வந்துச்சுன்னு அவங்க வேதத்துல இருக்கு. கூட்டு வழிபாட்டுக்கு பத்து ஆம்பளை வேணும், ஆர்த்தடாக்ஸ்ல அத "ஒண்ணு ரெண்டு"ன்னு எண்ணாம பத்து வார்த்தை இருக்குற ஒரு சங்கீத வரியச் சொல்லி ஆளுக்கு ஒரு வார்த்தையா தள்ளுவாங்க. எங்க தாத்தா களத்துல நெல் அளக்கும்போது "ஒண்ணு"ன்னு சொல்லவே மாட்டார். "லாபம், ரெண்டு, மூணு"ன்னுதான் போகும். நியூஜெர்சில ஒரு ரபி (யூத மதகுரு) கிட்ட இதச் சொன்னப்போ அவர் சிரிச்சுட்டு அந்த வார்த்தைய எழுதி வாங்கிக்கிட்டார்.

14 பிப்ரவரி

"காணாம போயிடுவாங்க" பேச்சு புதுசு இல்ல. 1964லயே லுக்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகை 'மறைந்துவரும் அமெரிக்க யூதர்'னு அட்டைப்படக் கட்டுரை போட்டுச்சு. 1971ல அந்தப் பத்திரிகை மறைஞ்சுடுச்சு. இந்தத் துறைல எல்லாரும் சொல்ற ஜோக்தான், ஆனா சொல்லாம இருக்க முடியல.

உண்மையான பீதி 1990ல. அந்த வருஷம் யூத அமைப்புகளே எடுத்த தேசிய சர்வேல, சமீபத்துல கல்யாணம் பண்ணவங்கள்ல 52 சதவீதம் பேர் வேற மதத்துல கட்டியிருக்காங்கன்னு வந்துச்சு. அந்த ஒரு நம்பர் பண்ண வேலை இருக்கே! பணக்காரங்க, அமைப்புகள் எல்லாம் சேர்ந்து 'தொடர்ச்சி'ன்னு ஒரு கோஷம் வெச்சு யூதப் பள்ளி, முகாம்னு காசு கொட்டினாங்க. 1999ல ஆரம்பிச்ச பர்த்ரைட் திட்டம், அதாவது யூத இளைஞர்களுக்கு இஸ்ரேலுக்கு பத்து நாள் இலவச டூர், அந்த பயத்துல பிறந்த பிள்ளைதான்.

15 பிப்ரவரி

அதுலயும் ஒரு திருத்தம் இருக்கு. அந்த 52, யூதரா வளர்க்கப்படாத, தன்னை யூதர்னே சொல்லிக்காத ஆட்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டதால வந்தது, அப்புறம் அத 43னு குறைச்சாங்க. ஆனா அதுக்குள்ள 52 மேடை மேடையா ஏறிடுச்சு. சரி, பீதி வீண்தானா? அதுவும் இல்ல. 2010க்கு அப்புறம் கல்யாணம் பண்ணவங்கள்ல 61 சதவீதம்னு பியூ சொல்லுது. ஆர்த்தடாக்ஸ கழிச்சுட்டுப் பார்த்தா 72. நம்பர் தப்பு, போற திசை சரி.

ஆனா கலப்புக் கல்யாணம்னா இழப்புன்னு நான் முன்னாடி நினைச்சது இப்ப அவ்வளவு உறுதியா இல்ல. அந்த வீட்டுப் பிள்ளைங்கள்ல நிறைய பேர் வளர்ந்தப்புறம் "நான் யூதன்தான்"னு சொல்றாங்க. அதனாலதான் மொத்தம் குறையல. அமெரிக்காவுல விதிகள்ல தளர்வான ரிஃபார்ம் பிரிவு 1983லயே அப்பா யூதரா இருந்தாலும் போதும், யூதரா வளர்த்தா சரின்னு தீர்மானம் போட்டுடுச்சு. ஆர்த்தடாக்ஸ் இன்னிக்கும் அம்மா வழி மட்டும்தான். நம்ம பார்சிகள் இதுக்கு நேர் எதிர், அப்பா வழி. 2001ல 69,601 பேர், 2011ல 57,264. இந்திய அரசே 2013ல 'ஜியோ பார்சி'ன்னு குழந்தை பெத்துக்க உதவித்தொகைத் திட்டம் கொண்டுவந்துச்சு. வெளிய கட்டின பொண்ணோட பிள்ளைய சேர்த்துக்கலாமாங்கற கேள்விய மட்டும் அந்தத் திட்டம் தொடல.

23 பிப்ரவரி, ஞாயிறு

ரெண்டு பேர் நேரடி அனுபவம் இருந்தா எழுதச் சொன்னாங்க. இருக்கு.

நியூஜெர்சில லேக்வுட்ங்கற ஊர்ல நாலு வருஷம் வாடகைக்கு இருந்தேன். ஆபீஸ் கிட்டங்கறதால போனேன், ஊரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. 1943ல ரபி ஆரோன் கோட்லர் ஆரம்பிச்ச பெரிய யெஷிவா (யூத மதக் கல்லூரி) அங்கதான், அதச் சுத்தித்தான் ஊரே. 2000ல 60,000 பேர், 2010ல 93,000, 2020ல 1,35,000. பக்கத்து வீட்டுல எட்டு பிள்ளைங்க. வாசல்ல ஷூ வரிசை எங்க ஊர்ல கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருக்கும். கார் கிடையாது, வேன். பதினஞ்சு சீட்டு.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி கதவு தட்டுற சத்தம். பக்கத்து வீட்டுப் பையன், எட்டு வயசு இருக்கும், காதோரம் சுருள் முடி, வெள்ளைச் சட்டை. "எங்க ஃபிரிட்ஜ்ல லைட்ட எடுக்க மறந்துட்டோம்"னான். அவ்வளவுதான், மேல பேசல, நின்னான். நானும் நின்னேன். அதுக்கு நான் என்னடா பண்ணணும்னு கேட்டா "தம்பிக்கு பால் உள்ள இருக்கு"ங்கறான். திரும்பவும் மௌனம். என் பொண்டாட்டிதான் உள்ள இருந்து "போய் திறந்து விடுங்க, அவங்க இன்னிக்கு கரண்ட் தொடக் கூடாது"ன்னா. கதவத் திறந்தா லைட் எரியும், எரிஞ்சா சபாத், அதாவது வாராந்திர ஓய்வு நாள், விதி மீறினதாயிடும். 'திறந்து குடுங்க'ன்னு வாய்விட்டுக் கேக்கவும் கூடாது, சூசகமாத்தான் சொல்லணும். போய் ஃபிரிட்ஜத் திறந்து, பல்பக் கழட்டி வெச்சுட்டு வந்தேன். சனிக்கிழமை பொழுது சாஞ்சதும் அந்த வீட்டம்மா ஒரு தட்டு நிறைய கேக் குடுத்து அனுப்பினாங்க.

இத ஏன் சொல்றேன்னா, இந்த ஊரோட பிரச்சினைய வெளியூர்க்காரன் பேசும்போது ஏதோ சதி மாதிரி பேசுவான். பார்த்தா எல்லாம் கணக்குப் பிரச்சினை. ஊர்ப் பொதுப்பள்ளில படிக்கிறது 5,000-6,000 பசங்க, பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க குடும்பங்க. தனியார் யெஷிவாக்கள்ல அதப்போல பல மடங்கு. மாநிலம் பள்ளி மாவட்டத்துக்குப் பணம் குடுக்குறது முக்கியமா பொதுப்பள்ளித் தலைய எண்ணி. ஆனா தனியார் பள்ளிப் பசங்களுக்கும் பஸ் விடுற பொறுப்பு, ஸ்பெஷல் எஜுகேஷன் செலவு எல்லாம் அதே மாவட்டத்து தலைல. பையங்களுக்குத் தனி பஸ், பொண்ணுங்களுக்குத் தனி பஸ். வருஷா வருஷம் துண்டு விழும், மாநிலத்துகிட்ட கடன் வாங்குவாங்க. அடிபடுறது யாரு? ஓட்டுப் போட உரிமை இல்லாத அப்பா அம்மாவோட பிள்ளைங்க. ஒரு பள்ளிக் கூட்டத்துக்குப் போய் கடைசி பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். ரெண்டு பக்கமும் சொன்னது சரிதான், அதான் கொடுமை.

24 பிப்ரவரி

"நீங்க அவங்கள ரொம்ப நல்லவங்களா காட்டுறீங்க"ன்னு ஒருத்தர். கேக்குக்கு விலைபோயிட்டேன்னு வெச்சுக்கோங்க.

2 மார்ச்

இஸ்ரேல் பக்கம் வருவோம், இதான் கனமான பகுதி, கொஞ்சம் பொறுமையா படிங்க.

அந்த நாட்டோட முதல் சென்சஸே ஒரு கொள்கைதான். 1948 நவம்பர் 8, சாயங்காலம் ஊரடங்கு போட்டு ராத்திரி வரைக்கும் வீடு வீடா எண்ணினாங்க. அப்போ அரபு நாடுகளோட போர் ஓய்ஞ்சிருக்கல. போர்ல விரட்டப்பட்டும் ஓடியும் போன பாலஸ்தீனர்கள் ஏழு லட்சம் பக்கம். அன்னிக்கு வீட்டுல இல்லாததால பதிவாகாதவன் குடியுரிமைலயும் சொத்துலயும் பட்ட பாடு பெரிய கதை. எண்ணுறதுன்னா சும்மா எண்ணுறது இல்லன்னு சொல்ல இதவிட உதாரணம் வேணுமா?

அதுக்கப்புறம் ஐம்பது வருஷமா ஒரே பயம், அரபு மக்கள் பெருகி யூதர் சிறுபான்மை ஆயிடுவாங்கன்னு. ஹைஃபா பல்கலைக்கழகத்துல அர்னான் சோஃபர்னு ஒரு புவியியல் பேராசிரியர் இதையே சொல்லிக்கிட்டு இருந்தார். 2005ல பிரதமர் ஷரோன் காசாவுல இருந்து 8,000 யூதக் குடியேறிகள வெளிய கொண்டுவந்ததுக்கு சொன்ன காரணங்கள்ல இந்தக் கணக்கும் ஒண்ணு. அதே சமயத்துல இன்னொரு குழு, பாலஸ்தீனக் கணக்குல பத்து லட்சத்துக்கு மேல கூட்டிக் காட்டியிருக்காங்க, பயமே வேண்டாம்னு கிளம்புச்சு. கிழக்கு ஜெருசலேம்காரங்கள ரெண்டு பக்கமும் எண்ணுறது, வெளிநாடு போனவங்க பேர் நீக்காதது, இதெல்லாம் அவங்க வாதம். கவனிச்சுப் பாருங்க, நிலத்த விடணும்னு சொன்னவனுக்குப் பெரிய நம்பர் தேவைப்பட்டுச்சு, விடக் கூடாதுன்னவனுக்குச் சின்ன நம்பர்.

நடந்தது ரெண்டு பேர் நினைச்சதும் இல்ல. இஸ்ரேல்ல முஸ்லிம் பெண்களுக்கு 1960கள்ல சராசரி ஒன்பது குழந்தை. 2000ல 4.7. 2020 பக்கம் மூணு. யூதப் பெண்களோடது மேல ஏறி அதே மூணுக்கு வந்துடுச்சு. இப்ப ஜோர்டான் ஆற்றுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவுல, அதாவது இஸ்ரேலும் பாலஸ்தீனப் பகுதிகளும் சேர்த்து, யூதரும் அரபுகளும் தலா எழுபது லட்சம் சொச்சம், கிட்டத்தட்ட சமம். அந்தப் பாதி பேருக்கு என்ன உரிமைங்கறத எந்தக் கருவுறுதல் கணக்கும் தீர்த்து வைக்காது.

2 மார்ச், இன்னும் கொஞ்சம்

குழந்தைக்குக் காசு குடுத்தா பிறப்பு ஏறுமான்னு கீழ கமெண்ட்ல சண்டை நடக்குது. இஸ்ரேல்ல அத ஒரு தடவ நேராவே பார்த்தாங்க. 2000 கடைசில ஒரு சட்டம், அஞ்சாவது குழந்தைலேர்ந்து மாசா மாசம் பெரிய தொகை. 2003ல நெதன்யாஹு நிதியமைச்சரா இருந்தப்போ வெட்டிட்டார். அதுக்கப்புறம் நெகேவ் பாலைவன பெதூயின் அரபு மக்கள்கிட்ட பிறப்பு நல்லா இறங்குச்சு. ஹரேதிகள்கிட்ட (ஆர்த்தடாக்ஸ்லயே ரொம்ப இறுக்கமானவங்க) ஏழரைல இருந்து ஆறரை பக்கம் வந்து நின்னுடுச்சு. அதாவது காசுக்கு கொஞ்சம் பலன் உண்டு, மிச்சம் நம்பிக்கை. செயற்கைக் கருத்தரிப்ப 45 வயசு வரைக்கும் ரெண்டு குழந்தை ஆகுற வரைக்கும் அரசே செலவு பண்ணுது, அது உலகத்துல வேற எங்கயும் அந்த அளவுக்குக் கிடையாது. ஆனா மதப்பற்று இல்லாத டெல் அவிவ்காரங்களே ரெண்டு குழந்தை பெத்துக்கறாங்களே, அதுக்கு எந்தத் திட்டத்தையும் காரணமா காட்ட முடியல. என்கூட வேலை பாத்த இஸ்ரேல் பொண்ணுகிட்ட கேட்டேன். "எங்கம்மா வாராவாரம் வெள்ளிக்கிழமை சாப்பாட்டுல கேப்பா"ன்னா. அமைச்சகத்தவிட அந்த அம்மா சக்தி ஜாஸ்தி.

19 மார்ச்

ஹரேதி விஷயம் தனியா எழுதணும்னு நினைச்சேன். முதல் பிரதமர் பென் குரியன் 1948ல யெஷிவா மாணவர்கள் 400 பேருக்கு ராணுவ விலக்கு குடுத்தார். ஹோலோகாஸ்ட்ல, அதான் நாஜி படுகொலைல, அழிஞ்ச படிப்பு மரபு, கொஞ்ச பேராவது காப்பாத்தட்டும்னு. 1977ல பெகின் பிரதமரா ஆட்சிக்கு வந்தப்போ கூட்டணிக்காக அந்த உச்சவரம்ப எடுத்தாங்க. 400 எங்க, இப்ப 60,000க்கு மேல எங்க! 2002ல அந்த விலக்குக்கு ஒரு சட்டம், 2012ல உச்ச நீதிமன்றம் அத அடிச்சுது, அப்புறம் இழுத்து இழுத்து 2024 ஜூன் 25ல ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலா, சட்டம் இல்லாம விலக்கு இல்ல, கூப்பிடுங்கன்னு தீர்ப்பு. 2023 அக்டோபர்ல காசா போர் ஆரம்பிச்சப்புறம் ரிசர்வ்ல இருக்கறவன் வேலையயும் குடும்பத்தயும் விட்டுட்டு நூத்துக்கணக்கான நாள் போய் நிக்கிறான், பக்கத்துத் தெருக்காரன் போறதில்ல. கோவம் வராம என்ன பண்ணும்?

ஹரேதிகள் இப்ப நாட்டுல ஏழுல ஒரு பங்கு. ஆம்பளைங்கள்ல வேலைக்குப் போறவங்க பாதிக்குக் கொஞ்சம் மேல. பொம்பளைங்கள்ல எண்பது சதவீதம் பக்கம், அத யாரும் சொல்ல மாட்டாங்க. 2022 தேர்தல்ல ரெண்டு ஹரேதி கட்சிக்கும் சேர்த்து 18 சீட், அது இல்லாம அப்போ ஆட்சி அமைஞ்சிருக்காது. 2065ல மக்கள்தொகைல 32 சதவீதம் ஆவாங்கன்னு அரசுப் புள்ளிவிவர அலுவலகம் கணிச்சிருக்கு.

நான் அந்த 32அ முழுசா நம்பல. 1960ல யாராவது முஸ்லிம் பெண்களோட ஒன்பது மூணாகும்னு கணிச்சிருந்தா சிரிச்சிருப்பாங்க. ஆனா ஹரேதி ஆம்பளைப் பசங்களுக்கும் பள்ளில கணிதம் சொல்லிக் குடுக்கணும், பட்டாளமோ சேவையோ பகிர்ந்துக்கணும்ங்கறதுக்கு 32 வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல.

6 ஏப்ரல்

கொச்சின் யூதர் பத்தி ஒருத்தர் கேட்டதால. நம்ம பக்கத்துக்குத் தொடர்பு உண்டு, கி.பி. 1000 வாக்குல சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் குடுத்த செப்பேடு வட்டெழுத்துலதான் இருக்கு.

மட்டாஞ்சேரிக்கு மாமாகூட போயிருக்கேன். 1568ல கட்டின பரதேசி சினகாக் (யூத வழிபாட்டு இடம்). தரை முழுக்க நீலமும் வெள்ளையுமா சீன ஓடு. மாமா செருப்பு கழட்டி வெச்ச இடத்தையே திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு இருந்தார். வெளிய தெருவுல ஒரு கடைல வயசான அம்மா உட்கார்ந்து துணில பூ வேலை பண்ணிக்கிட்டு இருந்தாங்க, அவ்வளவுதான் மிச்சம். சுதந்திரம் கிடைச்ச சமயத்துல 2,400 பேர். 1950கள் நடுவுல பெரும்பாலும் கிளம்பிட்டாங்க. அதுலயும் இஸ்ரேல் முதல்ல தயங்குச்சு, யானைக்கால் நோய் பயம். அப்புறம் எல்லைப் பக்கமா, நெகேவ்ல நெவாத்திம் மாதிரி மோஷாவ்ங்கற கூட்டுறவு விவசாயக் கிராமங்கள்ல கொண்டு போய் வெச்சாங்க. காலி நிலத்த ஆள் வெச்சு நிரப்புற கொள்கை, மிளகும் தேங்காயும் தெரிஞ்சவன பாலைவனத்துல. அவங்க பூ வளர்த்து ஏற்றுமதி பண்ணினாங்கங்கறது அவங்க கெட்டிக்காரத்தனம்.

பம்பாய் பெனே இஸ்ரேல் மக்களுக்கு இன்னும் மோசம். அங்க போனப்புறம் 1960கள்ல "நீங்க சுத்தமான யூதர்தானா, மூதாதையரக் காட்டுங்க"ன்னு ரபிகள் கல்யாணத்த நிறுத்தினாங்க. ஜெருசலேம்ல போராட்டம் பண்ணி, 1964ல அரசே தலையிட்டு, எல்லா வகையிலும் யூதர்தான்னு அறிவிக்க வேண்டியிருந்துச்சு. ஆள் வேணும்னு கூப்பிட்டதும் அவங்கதான், வந்தப்புறம் நீ ஆளான்னு கேட்டதும் அவங்கதான்.

7 ஏப்ரல்

"அவங்கதான்"னு எழுதினது சரியில்ல. கூப்பிட்டது அரசு, கேட்டது ரபி மன்றம். ரெண்டும் வேற. இன்னிக்கு வரைக்கும் அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் ஓட்டை. 1970 திருத்தப்படி தாத்தா பாட்டில ஒருத்தர் யூதரா இருந்தா இஸ்ரேலுக்கு வரலாம், குடியுரிமை உண்டு. ஹிட்லர் யார யூதன்னு சொல்லி வேட்டையாடினானோ அவனுக்கெல்லாம் அடைக்கலம் இருக்கட்டும்னு அதுக்கு ஒரு நியாயம் சொல்வாங்க. ஆனா அம்மா வழி யூதர் இல்லன்னா ரபி கல்யாணம் பண்ணி வைக்க மாட்டார், அங்க சிவில் கல்யாணமும் கிடையாது. 1989க்கு அப்புறம் சோவியத்ல இருந்து பத்து லட்சம் பேர் வந்தாங்களே, அதுல லட்சக்கணக்குல இந்த நிலைமை. சைப்ரஸ் போய் தாலி, சாரி, மோதிரம் மாத்திட்டு வருவாங்க. அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல ஜூம்ல நடக்குற கல்யாணத்தயும் பதிவு பண்ணணும்னு 2023ல அங்க நீதிமன்றம் சொல்லிடுச்சு. புள்ளிவிவரத்துல இவங்களுக்கு ஒரு கட்டம் இருக்கு, பேரு 'மற்றவர்'. அரபும் இல்ல, யூதர்லயும் சேர்க்க முடியல, ஆனா ராணுவத்துக்கு வேணும். 2022 கடைசில புது கூட்டணிக் கட்சிகள் இந்தப் பேரன் பேத்தி விதியத் தூக்கணும்னு கிளம்பினாங்க. அந்த வருஷம்தான், பெரும்பாலும் யுக்ரைன் போரால, 70,000 பேருக்கு மேல வந்திருந்தாங்க.

28 ஜூன்

ரொம்ப நாளாச்சு. முதல்ல கேள்வி கேட்டவர் "அப்ப முடிவா எத்தனை பேர்"னு திரும்பவும் கேட்டிருக்கார். ஒரு ஆள வெச்சு சொல்றேன்.

என் பழைய ஆபீஸ் நண்பன். அப்பா யூதர், அம்மா கத்தோலிக்கர். பாட்டி கீவ் ஊர்ல இருந்து வந்தவங்க. வீட்ல கிறிஸ்துமஸ் மரமும் உண்டு, ஹனுக்கா விளக்கும் உண்டு. பியூ கணக்குல அவன் சொல்ற பதிலப் பொறுத்து யூதன். டெல்லா பெர்கோலா கணக்குல பெரும்பாலும் வெளி வட்டம். ரிஃபார்ம்ல யூதரா வளர்ந்திருந்தா உண்டு, வளர்ந்தானாங்கறது அவன் அப்பாகிட்டயும் அம்மாகிட்டயும் தனித்தனியா கேக்கணும். லேக்வுட்ல இல்லவே இல்ல. இஸ்ரேல் போனா பாஸ்போர்ட் உண்டு, கல்யாணம் இல்ல.

போன வாரம் போன்ல பேசறப்போ இதெல்லாம் சொல்லி நீ எந்தக் கட்டத்துலடான்னு கேட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஏதோ யூத சர்வேன்னு நிஜமாவே ஒரு கால் வந்துச்சாம். அடுப்புல வெங்காயம் தீஞ்சுக்கிட்டு இருந்துச்சுன்னு கட் பண்ணிட்டானாம்.